ஈயத் தொட்டியில் பூத்த ஆகாயத்தாமரை

ஆய்வுக்கூடத்தில் அவனைப் பாசி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் தொட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தங்கை. அவனுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அவனுக்கு முன்னால் முடிக்கும் நிலையில் இருந்தாள். இன்று ஆய்வு வழிகாட்டி மேடம் தொட்டிகளைப் பார்த்துச் சரியென்றால் அவனும் இந்தப் பருவத்திலேயே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் வீட்டின் முதல் டாக்டர் தங்கைதான். அவன் டாக்டரோட அண்ணன்.

ஊரே ஆகாயத்தாமரையை ஒழிக்கப் படாதபாடு படுகிறது. பாசியோ அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தொட்டி. முதலாவதில் வெறும் சத்துத் தண்ணீர். இரண்டாவதில் அதோடு ஈயம். மூன்றாவதில் ஈயத்தோடு சாலிசிலிக் அமிலம். தலைவலி மாத்திரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அது செடியைத் தட்டியெழுப்ப, செடி தனக்குள் காப்புப் பொருள்களைச் சுரந்து ஈயத்தின் தொல்லையைச் சமாளிக்கும். ஆக, இரண்டாவது வாட வேண்டும், மூன்றாவது பிழைக்க வேண்டும். முடிவுரையைக்கூட எழுதி வைத்துவிட்டான்.

செடிகள் முடிவுரையைப் படிக்கவில்லை. இரண்டாவது தொட்டி ஊதாப்பூ பூத்துக் கல்யாணக் களையோடு நின்றது.

தங்கை உள்ளே வந்தபோது பாசியின் கையில் ஆவி பறக்கும் கெட்டில். அதன் மூக்கு இரண்டாவது தொட்டிக்கு நேராக இருந்தது.

“அண்ணா, என்ன பண்ற?”

“சும்மா... செடிக்குக் குளிருமேன்னு.”

“அடப்பாவி! ஈயத்தால முடியாததை வெந்நீர்ல முடிக்கப் பாக்குறியா?”

“கத்தாதடி. ஒரே ஒரு இலை வாடினாப் போதும்.”

வராந்தாவில் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. மனச்சாட்சி செய்ய வேண்டிய வேலையைச் செருப்பு செய்தது. கெட்டில் கீழே இறங்கியது.

மேடம் குனிந்து பார்த்தார். “தண்ணியில என்ன கலந்திருக்க?”

“வழக்கமான சத்துக் கரைசல்தான் மேடம். பாஸ்பேட் மட்டும் கொஞ்சம் தாராளமா... நல்லா வளரட்டுமேன்னு.”

“அடியில வெள்ளையா ஏதாவது படியுதா?”

பாசிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் சுத்தத்தை யாராவது கவனிக்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவன். “படியும் மேடம். தினமும் குழாய் வச்சு உறிஞ்சி கழிவுக் கேன்ல சேர்த்துடுவேன். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.”

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அது அழுக்கு இல்லப்பா, ஈயம். பாஸ்பேட்டோட சேர்ந்து தூளா இறங்கிடும். செடி அதை மோந்துகூடப் பாத்திருக்காது. காப்புப் பொருள், காப்புப் பொருள்னு தேடினியே, அது நீதான்.”

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

“முதல்லேர்ந்து போடு. ஈயம் இருக்கிற தண்ணியில பாஸ்பேட் வேண்டாம். அப்புறம், தயவுசெஞ்சு சுத்தம் பண்ணாத.”

மேடம் போனதும் தங்கை கேட்டாள். “வீட்ல நான் சொல்லிடவா?”

“சொல்லு. நீ டாக்டரான சந்தோஷத்துல என்னை யாரும் கேக்க மாட்டாங்க.” சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தான், குரல் பாதியில் பிசிறியது.

அவள் அதைக் கேட்காதவள் போலக் கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டாவது தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

“தூக்கு, பாசி.”

“அண்ணான்னு கூப்பிடு.”

“டாக்டரை எதிர்த்துப் பேசாத. தூக்கு.”

தூக்கினான்.