தரை ஆடியபோது பார்த்த படம்

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சரோஜம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“இன்னாடி யசோதா இது? சண்டையும் காணோம், பாட்டும் காணோம். ஒருத்தன் உக்காந்து தாடிய சீவிக்கினு கீறான். இத்தப் பாக்கவா ஊற வெச்ச துணிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன்?”

யசோதா பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். சரோஜம்மா, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்து லைன் வீட்டுக்காரி. பதில் சொன்னாலும் அவள் பேச்சு நீளும், சொல்லாவிட்டாலும் நீளும். ஆண்டர்சன்பேட்டையில் புத்த விகாரையை ஒட்டிய ஹால் அது. ஜன்னல்களுக்கெல்லாம் கோணி கட்டி இருட்டாக்கி, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, பட்டப்பகலில் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பாயில் பெண்கள். பின்னால், தங்கச் சுரங்கத்தில் காலை ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்த ஆட்கள்.

படத்தைக் கொண்டுவந்தவர் கவாமுரா என்ற ஜப்பான்காரர். வானத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துகளைப் பிடிக்க, நம் ஊர்ச் சுரங்கத்தின் அடி ஆழத்தில் பெட்டி வைத்துக் காத்துக்கிடந்த விஞ்ஞானிகளில் ஒருவர். மேலே இருப்பதைப் பிடிக்க எவனாவது பள்ளத்தில் இறங்குவானா என்று ஊரே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதனாலேயே ஊருக்கு அவரைப் பிடித்துப்போனது. பௌர்ணமி தவறாமல் விகாரைக்கு வருவார். ஷிப்ட் ஆட்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் சில கெட்ட வார்த்தைகளையும் மிகுந்த மரியாதையோடு சொல்லுவார். அவருடைய பெட்டிகளைக் கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டில், ஏற்றிக் கீழே கொண்டுபோக ஒத்தாசை செய்தவன் யசோதாவின் புருஷன் தம்மபாலன். கட்டாயம் வர வேண்டும் என்று அவர் வீடு தேடி வந்து கூப்பிட்டது அதனால்தான். தம்மபாலனுக்கு அன்று மத்தியான ஷிப்ட். “நீ போயிட்டு வா, வந்து எனக்குக் கதை சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஜப்பானில் டிவி என்ற பெட்டியில் வாரா வாரம் காட்டுகிற தொடராம் அது. யாரும் நடிக்கவில்லை, எல்லாம் கையால் வரைந்த படம். கவாமுராவின் தம்பி வரைகிறவர்களில் ஒருவன். முதல் வாரத்துக் கதையை ரீலாக அனுப்பியிருந்தான். பொம்மைப் படம் என்றதும் எலியும் பூனையும் துரத்திக்கொள்ளும் என்று வந்தவர்கள்தான் பாதிப் பேர். வந்து பார்த்தால் ஒரு கப்பல், நிலாவுக்கு அப்பால் இருட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அதுவாவது பார்க்க லட்சணமாக இருக்கிறதா என்றால் இல்லை. நாலைந்து தகரப் பீப்பாய்களைக் கயிறு போட்டுக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

“இது நெசம் போல,” என்று கவாமுரா படத்தின் பக்கத்தில் நின்று விளக்கினார். “ராட்சசன் இல்லை. சண்டை இல்லை. ஆள் வேலை செய்யும். அங்கே காத்து இல்லை, அதனால் சத்தம் இல்லை. கப்பல் உடைந்தாலும் சத்தம் இல்லை.”

“சத்தமே வராதா? அப்போ எங்க ஊட்டுக்காரர அங்க அனுப்பிடு சாமி,” என்றாள் சரோஜம்மா. ஹால் கொல்லென்று சிரித்தது.

ஆனால் யசோதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணைத் திரையை விட்டு எடுக்கவே இல்லை. தாடிக்காரன் கப்பலுக்கு வெளியே போய் ஒரு குழாயைச் சரி செய்யக் கிளம்பினான். தலையில் ஹெல்மெட், அதில் விளக்கு. முதுகில் காற்றுக் குழாய். கிளம்புகிறதுக்கு முன்னால் கூட்டாளி வந்து அவனுடைய உடுப்பின் ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். “டேய், கேஜ் ஏறுற மாதிரியே கீதுடா” என்று ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் படத்தைக் குறை சொல்லவில்லை.

கல்யாணமாகி வந்த நாளாக யசோதா புருஷனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள், கீழே என்ன இருக்கிறது, எப்படி இருக்கும் என்று. “கல்லுதான், வேற இன்னா” என்பதைத் தாண்டி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேற்கூரைக் கல் சரியாமல் மரம் கொடுத்து முட்டு வைக்கிற வேலை அவனுக்கு. கூட்டாளி சாம்ராஜ். இரண்டு பேரும் ஒரே லைனில் குடியிருக்கிறவர்கள், சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். அவர்கள் போய்ச் சேரும் இடத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறோம் என்று யசோதாவுக்குத் தோன்றியது. அது வானம், இது பூமிக்கு அடி என்ற வித்தியாசமெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த இருட்டும், அந்த ஒற்றை விளக்கும், ஹெல்மெட்டுக்குள் மூச்சு விடுகிற சத்தமும் அவளுக்குப் போதுமாக இருந்தன. சாம்ராஜின் பெண்டாட்டி ஜெயசீலியையும் கூப்பிட்டிருந்தாள். குழந்தைக்கு மேல் சுடுகிறது என்று அவள் வரவில்லை.

தாடிக்காரனுக்கு ஊரில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். அவன் ரேடியோவில் பேசினால் அந்தப் பேச்சு பூமிக்கு வந்து சேரவே வெகு நேரம் ஆகுமாம். அவள் அரிசி களைந்துகொண்டே அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள். அவள் சிரிக்கிற அந்த நேரத்தில் அங்கே அவனுக்கு என்ன ஆகிறது என்பது அவளுக்குத் தெரியாது. படம் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். புளியங்கொட்டை அளவு ஒரு கல், எங்கிருந்தோ வந்து கப்பலின் பக்கவாட்டில் பாய்ந்தது. கவாமுரா சொன்னபடியே சத்தமில்லை. தகரம் பூவிதழ் மாதிரி விரிந்தது, உள்ளே இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அப்போதுதான் தரை ஆடியது.

நன்றாகவே ஆடியது. பாய்க்கு அடியில் ஒரு உறுமல் ஓடி, கூரைத் தகடு கடகடவென்று அடித்து, திரையாகக் கட்டியிருந்த வேட்டி அலைந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் குய்யோ முறையோ என்று கத்திக்கொண்டு வெளியே ஓடியிருப்பார்கள். நம் ஊர்க்காரர்களோ, கீழே சுரங்கத்தில் பாறை வெடிக்கும்போதெல்லாம் ஆடுகிற தரையில் பிறந்து, ஆடுகிற தரையில் சோறு தின்று வளர்ந்தவர்கள். ஆட்டம் அவர்களைப் பயமுறுத்துவதில்லை. அதுவும் கப்பல் உடைகிற அதே நொடியில் ஆடினால் என்ன நினைப்பார்கள்?

“ஜப்பான்காரன் வேலைய பார்ரா! தரையையே ஆட்றான்!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

அவ்வளவுதான். ஹாலே கை தட்டியது. விசில் பறந்தது. சரோஜம்மா இரண்டு கையாலும் தரையைத் தட்டிச் சிரித்தாள். யசோதாவும் கை தட்டினாள். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு. இப்படி ஒரு அதிசயத்தை ராத்திரி அவனுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

கவாமுரா விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை. படம் தன்பாட்டுக்கு ஓடியது. பெண்டாட்டிக்காரி அரிசியை உலையில் போட்டாள். அவளுக்கு எப்போது தெரியவரும், யார் வந்து சொல்வார்கள் என்று ஹால் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரீல் முடியப் போகிற நேரத்தில் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. “மூடுய்யா கதவ!” என்று கத்தினார்கள். வாசலில் கவாமுரா நின்றிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“படம் இல்லை,” என்றார். “ஆடினது படம் இல்லை. பூமி.”

யசோதா செருப்பைத் தேடவில்லை. வெளியே வந்தபோது தெருவே காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. பெரிய ஆட்டம் ஆடினால், ஷிப்டில் ஆள் இருக்கிற வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, சுரங்கக் குழியின் வாசலான ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மாவுக் கையோடு ஓடியவர்கள் உண்டு, பாதிப் பிரசவ வலியில் ஓடியவளும் உண்டு. போய் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் நிற்கிறார்கள் என்பது கீழே இருக்கிறவனுக்குத் தெரியும். பாலகாட் சுரங்கம் பக்கம் போகிற ரோட்டில் அவள் ஓடினாள். மூச்சு இரைத்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற நினைப்பு மூச்சிரைப்பைவிட அதிகமாக வலித்தது.

கேட்டில் ஜெயசீலி முதல் வரிசையில் நின்றிருந்தாள். இடுப்பில் காய்ச்சல் குழந்தை.

“எங்க போய்ட்டக்கா? உன் கதவத் தட்டு தட்டுன்னு தட்டிட்டு வந்தேன்.”

“படம் பாக்கப் போயிருந்தேன்.”

“ஆடினது தெரியலையா?”

“தெரிஞ்சுது. படத்துலதான் ஆடுதுன்னு நெனச்சிட்டேன்.” யசோதாவுக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. “எல்லாரும் கை தட்டினாங்கடி. நானும் தட்டினேன்.”

ஜெயசீலி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தலைக்கு மேலே உயரத்தில் இருந்த, கேஜைத் தூக்கி இறக்கும் சக்கரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். சக்கரம் சுற்றாமல் நின்றிருந்தது.

பிறகு அது சுற்றியது. நிற்கும், சுற்றும். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் ஒரு அழுகையோ சிரிப்போ கிளம்பி, கொஞ்சம் பேர் குறைந்தார்கள். மரம் வைக்கிற ஆட்கள் இருந்த ஆழத்து லெவல்தான் சரிந்திருக்கிறது, இரண்டு பேர் இன்னும் அந்தப் பக்கம் மாட்டியிருக்கிறார்கள், கல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. யார் அந்த இரண்டு பேர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டில் பாக்கி இருந்த பெண்களும் இரண்டு பேர்தான்.

யசோதா புத்தனையும் கும்பிடவில்லை, வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அவளால் முடியவில்லை. அவன் மேல் கல் சரிந்தபோது நான் கை தட்டிக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனதில் நிற்கவில்லை. ஓடி வந்து நின்றிருந்தால் கல் சரியாமல் இருந்திருக்குமா என்று தன்னையே கேட்டாள். இருந்திருக்காது. இருந்தாலும் வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நிற்கிறவளின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

முழுதாக இருட்டுவதற்கு முன்னால் சக்கரம் மறுபடி சுற்றியது. இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடிக்க தம்மபாலன் வெளியே வந்தான். தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசிய மாதிரி கல் தூசு, ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. யசோதா அலறிவிட்டாள். ஜெயசீலி அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் கேஜுக்குள் பார்த்தாள். அங்கே வேறு யாரும் இல்லை.

தம்மபாலன் நேரே பெண்டாட்டியிடம் வரவில்லை. ஜெயசீலிக்கு எதிரில் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அவனுக்கு இடுப்புக்குக் கீழ கல்லும்மா. என்னால தூக்க முடியல,” என்றான். “கைய நீட்னா அவன் கைய புடிக்க முடிஞ்சுது, அவ்ளோதான். புடிச்சிக்கினே இருந்தேன். ‘ஜெயசீலியும் யசோதாவும் கேட்டாண்ட வந்துட்டாங்கடா, ஆடின ஒடனே ஓடியாந்திருப்பாங்க, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நின்னுக்கினு இருப்பாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோ’ன்னு சொல்லிக்கினே இருந்தேன். ‘நெசமாவா?’ன்னு கேட்டான். ‘நெசம்தான்டா’ன்னேன். மறுபடியும் மறுபடியும் அத்தயே கேட்டான். கடைசியா கேட்டதும் அதுதான்.”

ஜெயசீலி அழவில்லை. குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தலையைத் தூக்கி யசோதாவைப் பார்த்தான். கண்ணில் தூசும் நீரும் குழைந்திருந்தன. “வந்துட்ட இல்ல? ஆடின ஒடனே வந்துட்ட இல்ல?”

யசோதா வாயைத் திறந்தாள். உண்மையைத்தான் சொல்ல இருந்தாள். அதைத் தவிர அவளிடம் எதுவும் இல்லை.

“வந்துட்டாங்கண்ணா,” என்றாள் ஜெயசீலி. “எனக்கு முன்னாடியே வந்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நின்னோம்.”

தம்மபாலன் தலையை ஆட்டிக்கொண்டே அழத் தொடங்கினான். ஆட்கள் அவனைத் தூக்கி ஆம்புலன்ஸ் வண்டிக்குக் கொண்டுபோனார்கள். யசோதா கூடப் போகாமல் ஜெயசீலியின் கையைப் பிடித்தாள். “இன்னாத்துக்குடி எனக்காகப் பொய் சொன்ன? நான் அதுக்குத் தகுதியில்லாதவ.”

ஜெயசீலி கையை விடுவித்துக்கொண்டாள். உதறவில்லை, மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டாள்.

“உனக்காகச் சொல்லலக்கா,” என்றாள். “எங்க ஊட்டுக்காரரு அத்த நம்பிக்கினு போனாரு. அது பொய்யா இருக்கக்கூடாது.”