ஓவர்மாரோவுக்குக் கடைசி வாக்கியம்

ஆங்கிலேயர்களிடம் நாளை மறுநாளைச் சொல்ல ஒரு காலத்தில் ஒற்றைச் சொல் இருந்தது. ஓவர்மாரோ. பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாமல் தொலைத்துவிட்டார்கள். அதற்குச் சிலுவை போடும் வேலை ஹெஸ்டர் பிம்லெட்டின் தலையில் விழுந்தது.

லிங்கன் நகரத்தில், பேராலயத்துக்குப் பின்னால் இருந்தது அவள் வேலை பார்த்த அகராதி அலுவலகம். வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவைக்குறி அச்சடிப்பார்கள். அதற்கு முன், வெள்ளிக்கிழமைத் தேநீர் நேரத்தில், சிலுவை போடுகிறவர் எழுந்து நின்று அந்தச் சொல்லைக் கடைசியாக ஒருமுறை வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தலைகுனிந்து கேட்பார்கள். அப்புறம் கேக் சாப்பிடுவார்கள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் முப்பது வருஷமாக ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. ஹெஸ்டர் பழைய சொற்கள் எழுதிய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்ரிசிட்டி: குளிர்காலத்து வெயிலின் இளஞ்சூடு. ஃபட்ஜல்: வேலை செய்வதுபோல் பாவனை பண்ணுவது, போன வாரம் சிலுவை வாங்கியது. உதட்டசைத்துப் படிக்கப் படிக்க அறையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. எந்த நூற்றாண்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. எதிர் மேஜையில் ஆம்ப்ரோஸ் வீல்டன் இழுப்பறைகளைக் காலி செய்யும் சத்தம் மட்டும் அவளை இந்த நவம்பருக்கு இழுத்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கப்பல். நியூசிலாந்தில் இருக்கும் தங்கையோடு போய்த் தங்கிவிடப் போகிறார். பதினாறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தும் அவர் அவளுக்கு மிஸ்டர் வீல்டன், அவள் அவருக்கு மிஸ் பிம்லெட். அவள் மனசில் இருப்பது அலுவலகம் முழுக்கத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. லட்சம் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்!

"என்ன மிஸ் பிம்லெட், பேனாவைப் பிடிச்சுக்கிட்டு ஃபட்ஜல் பண்றீங்களா?"

"செத்தவங்களை வம்புக்கு இழுக்காதீங்க," என்றாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

நாலு மணிக்குத் தேநீர் வந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் ஓட்லி கேக்கை வெட்டிவிட்டு, "ம், பிம்லெட், வழியனுப்புங்க," என்றார்.

ஹெஸ்டர் எழுந்தாள். கையிலிருந்த தாளில், நாளை மறுநாள் மழை வரும் என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தாள். வீல்டனின் கயிறு கட்டிய பெட்டி கண்ணில் பட்டது. தாளை மடித்துவிட்டாள்.

"ஓவர்மாரோ கப்பல் போகட்டும். மிஸ்டர் வீல்டன் அதுல போக வேண்டாம். போனா என்னால தாங்க முடியாது."

பழக்க தோஷம், எல்லாரும் தலைகுனிந்தார்கள். வீல்டனும்தான். நிமிர்ந்ததும் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மளமளவென்று எழுதிக்கொண்டார்.

"அருமையான உதாரணம். ஆனா சொல் வர்றது முதல் வாக்கியத்துல மட்டும்தான். மத்த ரெண்டையும் வெட்டிடலாம்."

ஹெஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. உட்கார்ந்தாள். அவமானமா ஆத்திரமா என்றே அவளுக்குப் புரியவில்லை.

"யோவ் வீல்டன்," என்றார் ஓட்லி, வாய் நிறையக் கேக்கோடு. "மண்டையில ஏதாச்சும் இருக்கா உமக்கு? அது உதாரணம் இல்லய்யா!"

சொன்ன கையோடு அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள். கதவு சாத்திய பிறகு அறையில் கணப்பின் சடசடப்பு மட்டும்தான்.

வீல்டன் சீட்டைத் திரும்பப் படித்தார். முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். காது வரை சிவந்துவிட்டது.

"பதினாறு வருஷம். உசிரோட இருக்கற சொல் ஒண்ணுகூடவா கிடைக்கல உங்களுக்கு?"

"சொன்னா திருத்துவீங்கன்னு பயம். இப்பவும் வெட்டத்தானே பார்த்தீங்க?"

"இருன்னு சொல்ல இங்க யாரும் இல்லன்னுதான் டிக்கெட்டே எடுத்தேன்," என்றார் அவர்.

அந்த அலுவலகத்தில் சீட்டைக் கிழிப்பது மகாபாவம். அவர் அதை இரண்டாகக் கிழித்துக் கணப்பில் போட்டார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க. இந்தத் தடவை எழுதிக்க மாட்டேன்."

"போகாதீங்க, ஆம்ப்ரோஸ்," என்றாள் ஹெஸ்டர்.