றெக்கை விழுந்த படம்

சுத்தக்காரி என்றால் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. வீடு கூட்டுவதில் வந்த பட்டமில்லை. அந்த லட்சணத்தை அவள் மாமியாரிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ட்ரோன் விட்டுப் படம் எடுப்பதில்தான் அவள் சுத்தம். வேகமாக முன்னே விரட்டினால் ட்ரோன் மூக்கைத் தாழ்த்தும், கேமரா மட்டும் நேரே பார்க்கும், முன்பக்கத்து இறக்கைகள் இரண்டும் படத்தின் மேல் ஓரத்தில் வந்து விழும். அதற்கு மெதுவாகப் போகவேண்டும், இல்லை கேமராவைக் கொஞ்சம் குனியவைக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் பின்னோக்கிப் பறக்கவேண்டும். மற்றவர்கள் "யாரு பாக்கப் போறா" என்று விட்டுவிடுவார்கள். இவளா விடுவாள்? இறக்கை விழுந்ததை நின்ற இடத்திலேயே அழித்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவாள். குப்பையை வீட்டுக்குச் சுமக்கக் கூடாது என்பது அவள் சட்டம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷனுடைய கப்பல் வந்திருந்தது.

எட்டு மாதம் பதினோரு நாள் ஆகிறது, ஆளைக் கண்ணால் பார்த்து. சரக்குக் கப்பலில் மெக்கானிக். விடியும்போது வந்த கப்பல் நண்பகலில் புறப்படுகிறது, இறங்க யாருக்கும் அனுமதியில்லை. வாசல்வரை வந்தவன் படியேறாமல் போனால் வயிறு எரியாதா? கப்பல் புறப்படுவதைப் படமெடுக்கும் வேலையைத் துறைமுக அலுவலகம் வேறு யாருக்கோ கொடுக்க இருந்தது. சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டாள்.

"பன்னெண்டு மணிக்கு முன்தளத்துல நிப்பேன்" என்றான் போனில். "பத்து நிமிஷம் விட்டிருக்காங்க. ஆரஞ்சுச் சட்டை."

"அங்க எல்லாருக்கும் ஆரஞ்சுச் சட்டைதானேங்க?"

"அதுல அழகா ஒருத்தன் நிப்பான், பாரு."

"அப்ப உங்களத் தவறவிட்டுருவேனே!"

மாமியார் வாசலில் வைத்தே சொல்லியனுப்பினார்: "மூஞ்சிய நல்லா எடுத்துட்டு வா. இளைச்சிருக்கானான்னு நான் பாக்கணும்."

எல்லாம் சரி. ஆனால் கப்பல் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. இவளோ இன்னும் வாயிற்காவலரிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புண்ணியவான் அனுமதிச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். தடுப்புச்சுவரின் முனைக்கு அவள் ஓடி வந்தபோது கப்பலின் பின்புறம் கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டியிருந்தது.

மெதுவாகப் போவதாவது, குனியவைப்பதாவது! ட்ரோனை ஏற்றினாள், விசையை முட்டும்வரை தள்ளினாள். திரையின் மேல் ஓரத்தில் இறக்கைகள் நடுங்கின. அவற்றுக்குக் கீழே, தூரத்தில், ஓர் ஆரஞ்சுப் புள்ளி இரண்டு கையையும் ஆட்டிக் குதித்தது.

"இருங்க, வந்துட்டேன், இருங்க!" என்று வாய்விட்டுக் கத்தினாள். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

கப்பலை முந்திப்போய், திருப்பி, அதன் வேகத்துக்கே பின்னோக்கிப் பறக்கவிட்டாள். மூக்கு நிமிர்ந்தது, இறக்கைகள் விலகின, அவன் முகம் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தாடியில் ஒரு பக்கம் நரை. கேமராவையே பார்த்து ஏதோ சொன்னான். கப்பல் வர வர இவள் விலகிக்கொண்டே போனாள். நடுவில் இருந்த தூரம் ஒரு முழம்கூடக் குறையவில்லை. நாற்பது நொடி. பேட்டரி கத்தியது. திருப்பிவிட்டாள்.

பாறையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே கை தன் வேலையைப் பார்த்தது. நல்லதை வைத்து அவனுக்கு அனுப்பியது, இறக்கை விழுந்ததை அழித்தது. சாயங்காலம் அதே மெமரி கார்டில் ஒரு கிடங்கையும் படமெடுத்து நிரப்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கப்பலிலிருந்து போன் வந்தது.

"படம் பாத்தீங்களா?"

"பாத்தேன். சுத்தமா இருக்கு."

"என்னங்க, சுரத்தே இல்லாம சொல்றீங்க?"

"மொதல்ல வந்தது எங்க? கரையிலேருந்து தலைதெறிக்க வந்தியே, அது."

"அதுல றெக்கை விழுந்திருச்சுங்க."

"விழட்டுமே! எட்டு மாசத்துல என்னத் தேடி யாரு அப்படி ஓடி வந்தா? 'என் பொண்டாட்டி வர்றாடா'ன்னு பக்கத்துல இருந்தவன் காது கிழியக் கத்தினேன். நீ அனுப்புனதுல என் மூஞ்சிதான் இருக்கு. அதக் கண்ணாடியிலயே பாத்துக்கறேனே. நீ எங்க இருக்கே அதுல?"

 "அழிச்சிட்டேங்க. மீட்கவும் முடியாது, அதுமேலயே வேற படம் எடுத்துட்டேன்."

 "சரி, விடு" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த "சரி, விடு"தான் அவளைக் கொன்றது.

அடுத்த நாள் காலை அதே பாறைக்குப் போனாள். கேமராவை நேரே பார்க்கவைத்தாள். விசையை முட்டும்வரை தள்ளினாள்.

மாமியார் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தார். "ஏம்மா, இதுல அவனே இல்லையே! வெறுங்கடல எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

"இது உங்களுக்கில்ல அத்தே. அவருக்கு."

அன்று கப்பலைப் பிடித்த இடம்வரைக்கும் தண்ணீர்தான். மேல் ஓரத்தில் இறக்கைகள் இரண்டும், போன நொடிமுதல் சேர்ந்த நொடிவரை, விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு நொடியைக்கூட வெட்டாமல் அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. "இப்ப தெரியறே."