நான்காம் மாடி விசில்

லிஃப்ட் நின்று போன நாளிலிருந்து ரைட் அக்கா வீட்டை விட்டு இறங்கவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘போலாம் ரைட்!’ என்று அவர் கொடுத்த குரல் தெருக்கோடி வரை கேட்டதால் வந்த பெயர் அது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு குரல் அப்படியே இருந்தது. கால்கள்தான் மக்கர் பண்ணின. வீடோ நான்காவது மாடியில்.

அன்றைக்கு அவர் மகளுக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை சாயங்காலமே கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

“அம்மா வராம நான் போட மாட்டேன்” என்று புதுத்துணி கசங்குவதையும் பார்க்காமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள் மகள்.

எதிர்வீட்டுக் கதவருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் பீரோ. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில். ஒருமுறை இரும்பு பீரோ ஒன்றைத் தனியாளாக முதுகில் சுமந்து இறக்கினான். அன்றிலிருந்து அவனே பீரோ ஆகிவிட்டான்.

“பாவம்டி” என்றான் மனைவியிடம். “கையில நாலு காசு இருந்தா ஹவுஸ் ஓனரை எதிர்பார்க்காம நானே லிஃப்டை சரி பண்ணிருப்பேன்.”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “மேல்வீட்டு வாத்தியாருக்கு ஆபரேஷன்னப்பவும் இதையேதான் சொன்னீங்க. நீங்க பணக்காரர் ஆகறதுக்குள்ள இந்தப் பொண்ணுக்குப் பேரனே பொறந்துடும்.”

“வெறுங்கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

“நேத்து அந்தக் கையால எதை இறக்கினீங்க?”

“பியானோ.”

“எந்த மாடியிலேர்ந்து?”

“ஆறு. லிஃப்டுக்குள்ள நுழையல, அதான் படி வழியா...” பீரோவின் வாய் பாதியில் நின்றது.

மனைவி மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

“ஏய், பியானோ விழுந்தா பியானோதான் போகும். இவங்க விழுந்தா?”

“அப்ப விழாம இறக்குங்க. தம்பி உள்ளதான் தூங்கறான், எழுப்பட்டுமா?”

தம்பி என்றால் அவளுடைய தம்பி. பீரோவுக்கு மச்சான், தொழிலில் கூட்டாளி. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவன் விஷயத்தைக் கேட்டதும், “லீவு போட்ட அன்னைக்கும் டியூட்டியா மாமா?” என்று முனகினான். ஆனாலும் சுமை தூக்கும் வார்களை அவனே எடுத்து வந்தான்.

கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்றில் அக்காவை உட்கார வைத்தார்கள். அதன் பிறகு பீரோவின் கை தொழில் பழக்கத்தில் தானாக ஓடியது. கம்பளியால் கழுத்து வரை சுற்றினான். கைகளையும் உள்ளே அடக்கி நாற்காலியோடு சேர்த்துக் கட்டினான். மூலை எதுவும் சுவரில் இடித்துவிடக் கூடாது அல்லவா! முதுகுப்பக்கம் கீழே போகும்படி நாற்காலியைத் திருப்பினான். சாமான் இறக்குகிற முறை அதுதான்.

“என்னப்பா, பார்சல் கட்டுறியா?” என்றார் அக்கா. “ஸ்டாம்ப் ஒட்ட மறந்துடாதே.”

மச்சான் மேலே பிடித்தான், பீரோ கீழே முட்டுக் கொடுத்தான். பாரம் முழுக்கக் கீழே நிற்பவனுக்குத்தான். பாதி மாடி இறங்குவதற்குள் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றால் கையும் உள்ளே. “ஐயோ, விழறேன்!” என்று அவர் திமிற, நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. பீரோவின் கால் ஒரு படி வழுக்கியது. தோளைச் சுவரில் முட்டி, பல்லைக் கடித்துத் தாங்கினான். எப்படியோ திருப்பத்தில் இருந்த சமதளத்தில் இறக்கி வைத்தார்கள்.

“விட்டுடு அண்ணா” என்று அழுதாள் மகள். “நான் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கறேன்.”

மச்சானும் மாமா முகத்தைப் பார்த்தான். பீரோ சிராய்த்த தோளைத் துடைத்துக்கொண்டான். இப்போது விட்டுவிட்டால் காசு சேரும் வரை காத்திருக்கிற பழைய ஆளாகத்தான் மேலே ஏறிப் போக வேண்டும்.

“யாரும் எதையும் தள்ளிப் போட வேணாம். தப்பு என்னோடது” என்றான். “ஆளைப் போய் சாமான் மாதிரி கட்டிட்டேன்.”

கம்பளியை உருவி எறிந்தான். இடுப்பில் மட்டும் ஒரு வாரைப் போட்டான். அக்காவின் முகம் கீழே பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பினான். தான் பின்பக்கமாக இறங்க வேண்டும், படி தெரியாது.

“அக்கா, எனக்கு முதுகுல கண்ணு இல்ல. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். இது உங்க பஸ்.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மகள் பக்கம் கையை நீட்டினார். “டிராயர்ல விசில் இருக்கு. ஓடு!”

ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போக வேண்டும். திருப்பம் வந்தால், “ஹோல்டான்! லெஃப்ட்ல ஒடி... இன்னும் கொஞ்சம்... வரட்டும், வரட்டும்!” படியில் குறுக்கே நின்றவர்களுக்கும் நல்ல மண்டகப்படி கிடைத்தது. “வழி விடுங்க சார்! வண்டி வர்றது தெரியல?” நாற்காலி அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

இரண்டாம் மாடியில் அவரே சிரித்துவிட்டார். “வேலை பார்த்த காலம் பூரா படியில நிக்காதேன்னு கத்தினவ நான். இப்ப படியே கதின்னு இருக்கேன்.”

பதிவு அலுவலகத்தில் முதல் சாட்சிக் கையெழுத்து அக்காவுடையது. இரண்டாவது பீரோவுடையது, தூக்கின கை மரத்துப்போனதில் அது கோழி கிளறினாற்போல விழுந்தது. மாப்பிள்ளை ஏதோ ஒரு கவரை அவன் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தான். “பியானோவுக்குத்தான் சார் கூலி” என்று விலக்கிவிட்டான் பீரோ.

மாப்பிள்ளையை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது ஹவுஸ் ஓனர் வாசலில் நின்றிருந்தார். “பரவாயில்லையே, லிஃப்ட் இல்லாமலே சமாளிச்சுட்டீங்களே!”

“இறக்குறதுக்கு நாங்க இருக்கோம். அதுக்காக லிஃப்டை மறந்துடாதீங்க சார்” என்றான் பீரோ. “அதுக்குக் காசு வேணும், அது உங்ககிட்டதான் இருக்கு.”

“சரியாகிற வரைக்கும் தினமும் காத்து வாங்கக் கீழ வருவேன்” என்றார் அக்கா. “வர்றப்பல்லாம் உங்க வாசல்ல ஒரு ஸ்டாப்பிங் உண்டு.” சாம்பிளுக்கு ஒரு விசிலும் ஊதிக் காட்டினார். ஓனர் காதைப் பொத்திக்கொண்டார்.

மச்சான் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான். “மாமா, இறக்கினது சரி. ஏத்தறதை யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லைதான். பீரோ வாரை வலிக்காத தோளுக்கு மாற்றிக்கொண்டு குனிந்தான்.

“என்ன வேடிக்கை? படியில நிக்காதே, மேல ஏறு, மேல ஏறு!” என்றார் கண்டக்டர்.

இரண்டு விசில் கேட்டது.