ஆலமரத்தில் கட்டிய சாக்கு

கார்த்திகை பன்னிரண்டு. எங்கள் பசு காலை ஐந்தரைக்குக் கன்று போட்டது. கிடேரி. ஐப்பசியில் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை; தொழுவத்தில் ஈரக் குளிர். கன்றை வைக்கோலால் துடைத்துச் சாக்கைப் போர்த்தினோம். வயலில் கொக்குகள் நிறைய வந்திருக்கின்றன. எண்ணிப் பார்க்க நினைத்தேன், முடியவில்லை.

நஞ்சுக்கொடி விழாததுதான் காரணம். மாட்டு டாக்டர் ஹரிகுமார் போனில் சொன்னார்: "சாயங்காலம் வரை பாருங்க. விழுந்தா முழுசா இருக்கணும். பாதி அறுந்து உள்ள நின்னா சீழ் பிடிச்சிரும், மாடு தாங்காது."

மத்தியானம் அம்மா புல்லறுக்கப் போனாள். காவல் என்னுடையது. பசுவும் தின்றுவிடக் கூடாது, நாயும் தூக்கிவிடக் கூடாது. மணிக்கு ஒருமுறை நோட்டில் குறித்தேன். நாலரை: ஒரு முழம் தொங்குகிறது. ஐந்துக்குப் பக்கத்து ஊரான கொட்டாரத்தில் தட்டச்சு வகுப்பு. தூரத்தில் வரப்பில் அம்மா புல்லுக்கட்டோடு வருவது தெரிந்தது. கிளம்பிவிட்டேன்.

போனை வகுப்பில் அணைத்து வைத்திருந்தேன். ஆறரைக்குத் திரும்பினால், அம்மா சாணிக்குழியைக் கம்பால் கிளறிக்கொண்டிருந்தாள். பசுவிடம் எதுவும் தொங்கவில்லை. தரையிலும் இல்லை. நாய் வாயை நக்கிக்கொண்டு படுத்திருந்தது.

"ஏட்டி, யார நம்பி மாட்டப் போட்டுட்டுப் போன? நான் வரும்போ மணி அஞ்சே கால்."

"நீ வாறத பாத்துட்டுத்தானே போனேன்."

"அது நானில்ல, கூடப் புல்லறுத்த ஓமனா. கண்ணு ரெண்டும் டைப்ரைட்டர்லயா கெடக்கு?"

விழுந்து நாய் தின்றதா, அறுந்து பாதி உள்ளே நிற்கிறதா? இரண்டுமே நடந்திருக்கலாம் என்று பட்டது. நாலரைக்குப் பார்த்ததையே சரியாகப் பார்த்தேனா என்றும் சந்தேகம் வந்தது.

அப்போது பக்கத்து வீட்டுச் செல்லக்கனி சித்தி காய்கறிப் பையோடு வந்தாள்.

"என்னத்த தேடுதியோ? கொடியையா? நாய் வாய வச்சிச்சு, வெரட்டிட்டுச் சாக்குல அள்ளிக் குளத்தங்கரை ஆலமரத்துல கட்டியாச்சு. அப்படியே சந்தைக்குப் போயிட்டேன்."

பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் ஊறும் என்பார்கள். அம்மா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சித்தி, முழுசா இருந்திச்சா?" என்றேன்.

"நான் என்ன டாக்டரா, விரிச்சுப் பாக்கதுக்கு?"

"அப்பம் அவுத்துப் பாக்கணும்."

"கட்டினத அவுக்கப்பிடாது மக்கா. பால் வத்திரும்," என்றாள் அம்மா.

"மாடே போச்சுன்னா பால் எங்க இருந்து வரும்?"

அம்மா உள்ளே போய் டார்ச்சை எடுத்துவந்தாள்.

குளத்தங்கரையில் சித்தியே முணுமுணுத்துக்கொண்டு சாக்கை இறக்கினாள். வாழையிலையில் விரித்தோம். எறும்பு மொய்த்திருந்தது. இரண்டு கொம்புபோலப் பிரிந்திருக்கும், இரண்டு நுனியும் வேண்டும் என்று போனில் கேட்டபோது டாக்டர் சொன்னார். நடுவில் நாயின் பல் பட்ட கிழிசல். ஒரு நுனி கிடைத்தது. மற்றது மடிந்து அடியில் ஒட்டியிருந்தது. குச்சியால் மெதுவாக இழுத்து விரித்தேன். படம் எடுத்து அனுப்பினேன்.

டாக்டர் உடனே கூப்பிட்டார். "முழுசா இருக்கு. மாட்டுக்குச் சூடா கஞ்சித்தண்ணி குடுங்க."

சித்தி சாக்கை மறுபடி கட்டினாள். "இனி பால் கொறஞ்சா எங்கிட்ட வரப்பிடாது. இந்தா நிக்காளே பெரிய டைப்பிஸ்டு, இவகிட்ட கேளுங்கோ."

அம்மா சிரித்துவிட்டாள். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று நான் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.