பாட்டரிப் பெட்டிக்குள் இருந்த கல்

பக்கத்து வீட்டு ஒத்திலியா அறை வாசலில் வந்து நின்று "ரோசமெல்" என்று கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். பொறு என்று அர்த்தம். வலது கை சைக்கிள் பம்பின் பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. பம்பிலிருந்து போன மெல்லிய குழாய் மீன் தொட்டிக்குள் இறங்கி, அடியில் கிடந்த நுரைக்கல்லில் முடிந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு கொத்துக் குமிழி மேலேறியது. காலையிலிருந்து தப்பித் தப்பி வந்த தாளம் சற்று முன்புதான் கைக்கு அகப்பட்டிருந்தது. அதை விட அவருக்கு மனமில்லை.

"போதும் ரோசமெல். நிறுத்து."

அப்போதுதான் திரும்பினார். ஒத்திலியா இரண்டு கைகளையும் மேலங்கியில் துடைத்துக்கொண்டிருந்தாள். கைகள் ஈரமாக இல்லை.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அவர் மனைவி எடெல்மிரா கிடந்தாள். முகம் கதவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ரோசமெல் கட்டிலருகே நின்று, இன்னும் உயர்ந்தே இருந்த அந்த விரலைக் கீழே இறக்கினார். இறக்கியும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று அடித்த புயலைப் பற்றி அன்குத் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் போய், எங்கள் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவில் இரண்டு மடங்காகப் பெய்தது. யாருடைய கோழியோ காற்றோடு போய்க் கால்வாய்க்கு அக்கரையில் முட்டையிட்டது. அக்கரைக்காரர்கள் நேர்மையானவர்கள், படகு ஓடத் தொடங்கியதும் முட்டையைக் கொடுத்தனுப்பினார்கள். கோழியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. இதையெல்லாம் முதலில் சொன்னவர் ரோசமெல் என்பதால் ஊரில் யாரும் அடித்துச் சொல்வதில்லை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததும் கரண்ட் போனதும் மட்டும் உண்மை.

ரோசமெல் எங்கள் ஊரின் பொய்யர். அவர் தோட்டத்தில் ஓர் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்ததில் பக்கத்து வீடு ஒரு படி கீழே இறங்கிவிட்டது என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு கோடு அசையாது. நம்பாதவர்கள் கூடப் பக்கத்து வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். எடெல்மிரா அந்தக் கதைகளுக்குச் சிரித்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை. பின்னிக்கொண்டிருக்கும் ஊசியை நிறுத்தாமல், "வீடு இறங்குச்சே, நம்ம வேலி எங்க போச்சுன்னு சொல்லலையே" என்பாள். கதையில் விட்டுப்போன இடத்தை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை.

பிள்ளை இல்லாத வீடு. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. மீன்கள் அதற்குப் பிறகு வந்தவை. சூடான நாடுகளில் பிறந்த ஏஞ்சல் மீனையும் கப்பி மீனையும் இந்த மழைத்தீவில் வளர்ப்பதற்கு ஒரு ஹீட்டரும் ஏர் மோட்டாரும் ஒரு பிடிவாதமும் வேண்டும். எடெல்மிராவிடம் மூன்றும் இருந்தன. கட்டில் தொட்டி இருந்த சுவரை ஒட்டிக் கிடந்தது. குமிழிச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

குளிர்காலத்தில் கரண்ட் போனால் மோட்டாரை ஓட்ட, ஒரு லாரி பாட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் தொட்டிக்கு அடியில் மரப்பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பொறுப்பு ரோசமெல்லுடையது. கோடையில் கால்பந்து கேட்பதற்காக ரேடியோவோடு அந்தப் பாட்டரியையும் படகில் எடுத்துப்போனார். ஒரு அலை உள்ளே வந்து ரேடியோ, பாட்டரி, இன்வெர்ட்டர் மூன்றையும் நனைத்தது. மூன்றும் பிழைக்கவில்லை. நாளைக்கு வேறு வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தார். அதுவரைக்கும் பெட்டி காலியாக இருக்கக் கூடாதே என்று கடற்கரையிலிருந்து அதே எடையில் ஒரு கல்லைத் தேடி எடுத்து உள்ளே வைத்தார். சாதாரணப் பொய்யன் இந்த அளவு சிரமப்பட மாட்டான்.

இலையுதிர் காலத்தில், வைத்தியர் அவளை "வீட்டிலேயே ஓய்வெடுங்கள்" என்று திருப்பி அனுப்பிய பிறகு, அவள் ஒருநாள் தரையைப் பெருக்கும்போது அந்தப் பெட்டியை நகர்த்தினாள்.

"கனமா இருக்கே கிழவா."

"நல்ல பாட்டரி கனமாத்தான் இருக்கும். இது கப்பலையே இழுக்கும்."

"அப்படியா" என்றாள். பெட்டியை மறுபடி இடத்தில் தள்ளி வைத்தாள்.

புயல் வந்து கரண்ட் போன காலையில் முதலில் நின்றது மோட்டார். சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"கிழவா, பாட்டரிய மாட்டலையா?"

"இதோ மாட்டுறேன்."

பெட்டியைத் திறந்தார். கல் இருந்தது. அவர் பதற்றத்தோடு தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியபோது இந்தப் பம்ப் தட்டுப்பட்டது. எங்கள் மேட்டில் சைக்கிள் என்று இருந்தது தபால்காரரிடம் மட்டும்தான், அவரும் அதை ஏறும்போதும் இறங்கும்போதும் தள்ளிக்கொண்டே போவார். தன் வீட்டுக்குள் பம்ப் எப்படி வந்தது என்று ரோசமெல் யோசிக்கவில்லை. அதன் வாயில் காற்றுக்குழாய் ஏற்கெனவே சொருகப்பட்டு, சிவப்புக் கம்பளி நூலால் கட்டப்பட்டும் இருந்தது. அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். பொய்யர்களுக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை அதிகம்.

பம்படித்தார். குமிழி வந்தது. சுவருக்கு அப்பால் ஒரு பெருமூச்சு கேட்டது. கை ஓய்ந்தபோது அவளைப் பார்க்க ஓடினார்.

"நின்னுபோச்சே" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"பாட்டரி கொஞ்சம் மூச்சு வாங்குது. புயல்ல அப்படித்தான்."

"பாவம், வயசான பாட்டரி. அதுக்கும் ரெண்டு வாய் மாத்தே டீ ஊத்து."

காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தார். ஒத்திலியாவைக் கூப்பிட்டு அவளருகே உட்காரவைத்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினார். அன்று முழுவதும் அப்படியே போனது. அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தார். உட்கார்ந்தால் குமிழி நிற்கும், நின்றால் கல் வெளியே வரும்.

இப்போது அவள் போய்விட்டாள். கடைசியில் தன்னைக் கூப்பிட்டாளா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கேட்பதற்கு ஒத்திலியா இருந்தாள். கேட்க வாய் வரவில்லை.

சவப்பெட்டிக்கடை சேகுந்தோ சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டார். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாகிறவர்கள் கரண்ட் பார்த்துச் சாவதில்லை. ஆகவே அவர் தன் நான்கு மின்சார மெழுகுவர்த்திகளோடு ஒரு பாட்டரியும் இன்வெர்ட்டரும் வண்டியிலேயே வைத்திருப்பார். எடெல்மிராவைக் கூடத்தில் கிடத்தினார்கள். வழக்கப்படி கூடத்து அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தார்கள், உடலுக்குக் குளிர் வேண்டும். அதே கூடத்தில்தான் தொட்டியும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒத்திலியா மாத்தேக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் சமையலறை அடுப்பில் வெந்நீர் போட்டு, புட்டிகளில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டாள். தொட்டியைச் சுற்றி எடெல்மிராவின் கம்பளியைப் போர்த்தினாள்.

சேகுந்தோ குனிந்து பார்த்து, மரியாதையாகக் கேட்டார். "தோன் ரோசமெல், இந்த மோட்டார் கொசு அளவுதான் குடிக்கும். என் பாட்டரியிலயே மாட்டிடவா?"

ரோசமெல் தலையாட்டினார். சேகுந்தோ ஒரு பிளக்கை எடுத்து இன்னொன்றில் சொருகினார். சிகரெட் பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை. குமிழிகள் ஒழுங்காக, சலிக்காமல் ஏறத் தொடங்கின. ரோசமெல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது கை தானாக ஒருமுறை அழுந்தித் தளர்ந்தது.

செபமாலை முடிந்தது. கசுவேலா சூப்புக் கிண்ணங்களும் சாராயம் கலந்த காப்பியும் சுற்றி வந்தன. செபம் சொல்லிய பெலார்மினோ நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். இறந்தவரை மௌனத்தில் தனியே விடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செபத்துக்குப் பின் கதை வேண்டும்.

"டே ரோசமெல், ஒண்ணு சொல்லுடா. அவளுக்கும் உன் கதை கேட்டுக் கேட்டுப் பழகின காது. வெறுங்காதோட அனுப்பாத."

ரோசமெல் சவப்பெட்டியைப் பார்த்தார். பிறகு, முகத்தில் ஒரு கோடு அசையாமல், "பாட்டரி கிடையாது" என்றார்.

"எது, அங்க இருக்கே?" பெலார்மினோ மெழுகுவர்த்திகளுக்கு அடியில் கையைக் காட்டினார்.

"அது சேகுந்தோவோடது. என்னோடது கோடையிலயே கடல்ல செத்துப்போச்சு. பெட்டியில கல்லு வெச்சிருந்தேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யாரோ நாற்காலியை முன்னே நகர்த்தினார்கள்.

"கரண்ட் போச்சு. அவ பாட்டரிய மாட்டச் சொன்னா. மாட்டிட்டேன்னு சொன்னேன். சைக்கிள் பம்பால நாள் பூரா காத்தடிச்சேன். அவ பாட்டரின்னு நெனச்சுக்கிட்டிருந்தா."

"சைக்கிள் பம்பா?" பெலார்மினோவின் காப்பி முழங்காலில் சிந்தியது. "உன்கிட்ட சைக்கிளே இல்லையேடா! பம்பு எங்கேர்ந்து முளைச்சுது, உருளைக்கிழங்குச் செடியிலயா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. துக்க வீட்டில் வெகுநேரம் அடக்கிய சிரிப்பு, அதனால் பெரிதாக வந்தது.

"அவ சாகும்போது நான் பக்கத்துல இல்ல" என்றார் ரோசமெல். "இந்தப் பக்கம் பம்படிச்சுக்கிட்டிருந்தேன்."

சிலர் சிரிப்பை நிறுத்தினார்கள். சிலர் கதையின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அவர் எப்போதும் முடிவை இப்படித்தான் தாமதப்படுத்துவார்.

"அப்புறம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

அதற்கும் சிரித்தார்கள். "இது உன் எல்லாக் கதையையும் தூக்கிச் சாப்பிட்டுடும்டா" என்று பெலார்மினோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சமையலறை வாசலில் நின்ற ஒத்திலியா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து அவளிடம் போனார். அவள் உருளைக்கிழங்கைத் துருவத் தொடங்கினாள். நாளை மில்காவ் ரொட்டி செய்ய வேண்டும்.

"என்னைக் கூப்பிட்டாளா?"

ஒத்திலியா துருவினாள்.

"சொல்லு ஒத்திலியா."

"நான்தான் கேட்டேன், அவன கூப்பிடட்டுமாடின்னு. மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு." அவள் கிழங்கைத் திருப்பிப் பிடித்தாள். "வேணாம்னா. 'இப்பதான் தாளம் புடிச்சிருக்கான். கூப்பிட்டா மறுபடி தப்பிடும்'னா."

அடுப்பில் ஒரு விறகு உள்ளே சரிந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் சுவர்ப் பக்கமா திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னா. கேட்டுக்கிட்டிருந்தா."

அவர் கையைக் கழுவ வந்தவர்போலத் பாத்திரம் கழுவும் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில் எப்படி வரும். திறந்த குழாயை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காற்று இறங்கியிருந்தது. தூக்குகிறவர்கள் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். பெலார்மினோ முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். கோயிலிலும் கரண்ட் இல்லை, விளக்குகள் முந்திப் போயாக வேண்டும். சேகுந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரோசமெல்லிடம் வந்தார்.

"தோன் ரோசமெல், இத கழட்டணுமே. மன்னிச்சுக்கங்க."

"கழட்டு."

மெழுகுவர்த்திகள் அணைந்தன. மோட்டார் நின்றது. கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்ததும் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெட்டி வாசலைத் தாண்டவில்லை. மனைவியின் பின்னால் கணவன் வர வேண்டும், அதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

ரோசமெல் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பம்பை எடுத்தார்.

பெலார்மினோ அதைப் பார்த்தார். செபப் புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

பம்பின் வாயில் சிவப்பு நூல் சற்றுத் தளர்ந்திருந்தது. ரோசமெல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலுறைகளின் ஓரத்தில் அவள் போடும் முடிச்சு, ஒன்றின்மேல் ஒன்று, பிறகு ஒரு சுற்று. அவர் விரல்கள் தடித்தவை. இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவதில் இறுக்கினார்.

பிறகு தரையில் மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினார். முதலில் தப்பித் தப்பித்தான் வந்தது. பெட்டியைத் தோளில் வைத்திருந்தவர்கள் கனத்தை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தாளம் பிடிக்கும் வரை நின்றார்கள்.