பன்னிரண்டு பேர் பட்டியல்

பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவின் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டிருந்தபோதுதான், கல்லூரி பஸ் தெருமுனையில் திரும்புவதைப் பொற்கொடி பார்த்தாள். ஊசி விரலில் ஏறியது. போச்சு, வந்துவிட்டார்கள்.

விடிகாலையில் அப்பா ஆறுச்சாமி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். மகள் வேலை பார்க்கும் கல்லூரியில் பத்தரை மணிக்கு முன்னாள் ராணுவத்தினருக்குப் பாராட்டு விழா. விழாவை நடத்துகிறவளே மகள்தான். பாதி முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. மீதிச் சவரத்தை நாவிதர் வந்து முடித்தார். விழாவை உடன் வேலை பார்க்கும் மோகனப்பிரியா தலையில் கட்டிவிட்டுப் பொற்கொடி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இழவுக்கு வந்த அத்தனை பேரிடமும் அம்மா மயிலாத்தாள் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மேடையேத்தறதா இருந்துச்சுங்க என்ற பொண்ணு. பேரெழுதி ஷீல்டு குடுக்கறாங்கன்னு அன்னூர் முச்சூடும் சொல்லிப்போட்டு வந்தாருங்க. குடுத்து வைக்கலீங்களே!"

கேட்கும்போதெல்லாம் பொற்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் விழாவுக்கு அழைத்த பன்னிரண்டு பேர் பட்டியலில் அப்பாவின் பேரே இல்லை.

ஆறுச்சாமி இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் சமையல்காரர். லடாக் குளிரில் நின்று இருநூறு பேருக்குச் சப்பாத்தி சுட்ட கை. விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர், "மேடம், உங்கப்பாவும் மிலிட்டரிதானே? என்னவா இருந்தாரு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அவருக்கு உடம்பு சரியில்லைங்க சார், வரமாட்டாரு" என்றாள். கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருந்த மனுஷனைப் பற்றி! வாய்முகூர்த்தம் பலித்தேவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் அவர் வாசலிலேயே நின்றார். "கண்ணு, என்ற பேரு இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா" என்று சொல்லித் தொலைத்தாள். கடைசி நேரத்தில் ஒரு சால்வையைப் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பு.

பஸ்ஸிலிருந்து பன்னிரண்டு பெரியவர்களும் இறங்கினார்கள். விழாவில் போர்த்திய சால்வையும் கொடுத்த கேடயமும் கையிலேயே இருந்தன. வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். கொட்டுச் சத்தம் நின்றது.

மயிலாத்தாள் எழுந்து, அவர்களோடு வந்திருந்த மோகனப்பிரியாவிடம் போனாள். "அம்மணி, எங்கூட்டுக்காரரு ஷீல்டு எங்கீங்க?"

"ஷீல்டுங்களா?" மோகனப்பிரியா விழித்தாள். பொற்கொடியைப் பார்த்தாள். "மொத்தமே பன்னெண்டுதானுங்கம்மா..."

"பேரெழுதுனதுங்க. நெஞ்சு மேல வச்சு அனுப்போணும்."

பந்தலே திரும்பிப் பார்த்தது. சமையல்காரர் என்று சொல்லக் கூச்சப்பட்டு நான்தான் பேரே கொடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், செத்துக் கிடக்கும் மனுஷன் ஊரெல்லாம் பொய்ப் பெருமை பேசித் திரிந்தார் என்றாகிவிடும். பொற்கொடி தன்னையே திட்டிக்கொண்டாள். பாவி, பெற்ற அப்பனை இப்படியா நிறுத்துவாய்!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போத்தனூர் சீனிவாசலு முன்னால் வந்தார். ஓய்வுபெற்ற சுபேதார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் சார்பாகப் பட்டியலைச் சரிபார்த்தவர் அவர்தான். "உங்கப்பா பேரு இல்லீங்களே அம்மணி?" என்று அப்போதே கேட்டவர். அடுத்த வருஷம் பார்க்கலாங்க என்று அவரை அனுப்பியிருந்தாள். இப்போது அவர் வாயைத் திறந்தால் தீர்ந்தது.

"அவரு ஷீல்டை எங்கிட்டத்தான் குடுத்துட்டாங்கம்மா. இந்தாங்க" என்று தன் கேடயத்தையும் சால்வையையும் நீட்டினார்.

மயிலாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கி எழுத்துகளை விரலால் தடவினாள். பிறகு இடது கை வளையல்களை மேலே தள்ளினாள். கல்யாணமான புதிதில் குத்திக்கொண்ட பச்சை, புருஷன் பேர், மங்கலாகத் தெரிந்தது. கையைப் பார்த்தாள். கேடயத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

பொற்கொடி மூச்சு விடவில்லை.

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். நீளமான பார்வை. கேடயத்தை எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்த்து, கணவரின் நெஞ்சின் மேல் வைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பேரு போட்டிருக்குதுங்களா அக்கா?"

"போட்டிருக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள். "என்ற பொண்ணு பாத்துப் பாத்து எழுத வச்சது."

சால்வையை உதறி, கேடயம் மறையும்படி கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். இந்தப் பக்கத்து ஓரத்தை உடம்புக்கு அடியில் செருகினாள். அந்தப் பக்கத்து ஓரத்தைப் பொற்கொடி குனிந்து செருகத் தொடங்கினாள்.